மாசிக்கு விதை, ஆடிக்கு மரம்

புதுக்கோட்டை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது சித்தன்னவாசல் ஓவியமும் வறண்ட செம்மண் பூமியும்தான். அந்த ஓவியத்திலேயே ஒரு தாமரைக் குளம் இருக்கிறது; அதில் இறங்கிப் பூப் பறிக்கிறவர்களும் இருக்கிறார்கள். 'வறட்சிச் சீமையில் பூவுக்கு என்ன வேலை?' என்று கேட்கிற சகோதரிகள், மாசி மாதத்தில் ஒரு தரம் புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி வழியாகக் கீரமங்கலம் வரை பஸ்ஸில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஆலங்குடி வரை 20 கிலோமீட்டர்தான். திருவரங்குளம் தாண்டுகிற வரைக்கும் கண்ணில் படுவதெல்லாம் செம்மண்ணும், செம்பூரான் கல்லில் கட்டிய சுவர்களும், தைல மரக் காடும்தான். ஆலங்குடி தாண்டியதும் பூமியின் நிறமே மாறிவிடும். வடகாடு, மாங்காடு, கொத்தமங்கலம், கீரமங்கலம் என்று போகப் போக இரண்டு பக்கமும் பலா, தென்னை, வாழை, நடுநடுவே மல்லிகையும் முல்லையும் கனகாம்பரமும். காவிரித் தண்ணீர் பாயாத மேட்டு நிலம் இது. கிணறும் ஆழ்குழாய்க் கிணறும் வெட்டி, மனிதர்கள் உழைத்து உண்டாக்கிய பச்சை. அதனாலேயே எனக்கு இந்த வழியில் போகும்போதெல்லாம் ஒரு மரியாதை உண்டாகும்.

கீரமங்கலம் பூ மார்க்கெட் எங்கள் பக்கத்தில் பிரசித்தம். விடிவதற்கு முன்பே பெண்கள் தோட்டத்தில் இறங்கி மொட்டுப் பறிப்பார்கள். வெயில் ஏறிவிட்டால் நல்ல விலை போகாது. இந்த ஜில்லாப் பெண்கள் சைக்கிள் விடக் கற்றுக்கொண்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு சைக்கிள் மிதித்தார்கள். இன்றைக்கு அவர்கள் பெண்களும் மருமகள்களும் மொபெட்டில் பூ மூட்டை வைத்துக்கொண்டு போகிறார்கள்.

மாசியும் பங்குனியும் எங்கள் பக்கத்துக்குப் பூ மாதங்கள். மாசியில் திருவப்பூர் முத்துமாரியம்மனுக்குப் பூச்சொரிதல். பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மனுக்கு. கார்த்திகைக் கடைசியில் கவாத்து செய்த மல்லிகைச் செடி சரியாக இந்தச் சமயத்தில்தான் துளிர்த்து மொட்டு வைக்கும். அம்மனுக்கு வேண்டும் என்பதற்காகவே பூக்கிற மாதிரி இருக்கும்.

என் பெரிய நாத்தனாரைக் கீரமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கொடுத்திருக்கிறது. வருஷா வருஷம் மாசி மகத்துக்குக் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலுக்குப் போகிற சாக்கில் அண்ணி வீட்டில் நாலு நாள் தங்குவேன். அந்தக் கோயிலில் வானத்தைப் பார்த்து எழும்பி நிற்கிற பிரம்மாண்டமான குதிரை இருக்கிறது. வேண்டிக்கொண்டவர்கள் அந்தக் குதிரைக்குக் காகிதப் பூமாலை கொண்டுவந்து போடுவார்கள். மாலைமேல் மாலை விழுந்து குதிரையே மறைந்துபோகும். திருவிழா முடிந்த மறுநாள் காலையில் அண்ணி மண்வெட்டியை எடுத்துவிடுவார். "அய்யனாரு பாத்துட்டாரு, இனி நாம நம்ம கொல்லையப் பாப்போம்" என்பார்.

புயல் கொண்டுபோனது

2018 நவம்பர் 16-ம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே கரை ஏறியது. கடலிலிருந்து தள்ளியிருக்கிற நமக்கு என்ன என்று இருந்த ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்து ஊர்களையெல்லாம் ஒரே ராத்திரியில் புரட்டிப் போட்டுவிட்டது. தென்னை, பலா, மா, வாழை, தேக்கு என்று பேதமில்லாமல் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக் கணக்கில் கரண்டு இல்லை. கரண்டு இல்லாவிட்டால் ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீர் ஏது? நின்ற செடியும் காய்ந்தது.

அண்ணி வீட்டுக் கொல்லையில் தாத்தா காலத்துப் பலா இரண்டு, தென்னை ஒன்பது, வாசல் முருங்கை, எலுமிச்சை, பந்தல் அவரை எல்லாமே போயின. நின்றது மூலையில் இருந்த பனையும் வேம்பும் மட்டும்தான். நான் போய்ப் பார்த்தபோது வீடு மொட்டையாக, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணியின் மாமியாரை வீட்டில் எல்லோரும் அப்பத்தா என்றே கூப்பிடுவார்கள். அவர் திண்ணையில் உட்கார்ந்து, "எம் புருசன் வச்ச மரம் ஆயி. அவரு போனப்பக்கூட வீடு இப்படி வெறிச்சின்னு இல்ல" என்றார். அந்த வார்த்தைக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மரம் போனதென்றால் நிழல் மட்டும் போகவில்லை. பலாப்பழம் விற்ற காசில்தான் ஜூன் மாதம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு. தேங்காய்க் காசில்தான் மளிகை. மல்லிகைச் செடியிலிருந்து வந்த சில்லறைதான் அண்ணியின் சொந்தக் காசு. அதற்கெல்லாம் மேலே இன்னொரு கவலையும் இருந்தது. அந்த வீட்டு மருமகள் அப்போது கர்ப்பிணி. ரத்தம் குறைவாக இருக்கிறது, இரும்புச் சத்து மாத்திரை விடாமல் சாப்பிட வேண்டும், கீரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். கீரை கொடுத்துக்கொண்டிருந்த முருங்கையோ வேரோடு கிடக்கிறது. சுற்றுவட்டாரம் முழுக்க விழுந்துகிடக்கும்போது விலைக்குத்தான் எங்கே வாங்குவது?

அண்ணனும் அண்ணியும்

2019 மாசியில் மரங்களையெல்லாம் அறுத்து ஏற்றி இடம் சுத்தமானதும், அண்ணன் தென்னங்கன்று வாங்கப் புறப்பட்டார். அண்ணி மறித்தார்.

"இப்ப வச்சா யாரு தண்ணி ஊத்துறது? பங்குனி, சித்திர, வைகாசி மூணு மாச வெயிலு. கன்னு கருகிப்போகும்."

"அப்ப கொல்லைய வெறுமனே போடச் சொல்றியா?"

"வெறுமனே ஏன் போடணும்? முதல்ல கீர வெதப்போம். வயித்துப் பிள்ளக்காரி சாப்பிடணும்ல. குழிய இப்ப வெட்டிப் போடுங்க. ஆடி வரட்டும், மரம் வைப்போம்."

அப்பத்தாவும் தலையாட்டினார். இந்தச் சின்னப் பேச்சில் எங்கள் சீமைத் தோட்ட சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். குளிர்தேசங்களில் பனி உருகி வசந்தம் வந்ததும் எல்லாவற்றையும் நடுகிறார்கள். அங்கே அதற்குப் பிறகு மிதமான வெயிலும் நீண்ட பகலும் வருகின்றன. நமக்கோ ஏட்டில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். நிஜத்தில் அது நெருப்பு. ஆகவே மாசி, பங்குனியில் சீக்கிரம் பலன் தருவதை விதைக்க வேண்டும். நாள்பட்டுப் பலன் தருவதற்கு இடம் மட்டும் தயார் செய்ய வேண்டும். மாசிக்கு விதை, ஆடிக்கு மரம். இந்த வரிசை மாறினால் காசும் தண்ணீரும் வீண்.

மாத வரவு: கீரையும் காயும்

கீரைக்கு ஆறடிக்கு நாலடிப் பாத்தி போதும். மண்ணைக் கொத்தி, நன்றாக மக்கின சாண எருவைக் கலந்து சமப்படுத்த வேண்டும். சிறுகீரை, தண்டுக்கீரை விதை கடுகைவிடச் சிறிசு. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கும்பலாக விழும். ஒரு பங்கு விதைக்கு நாலைந்து பங்கு மணல் கலந்து தூவ வேண்டும். எறும்பு இழுத்துப் போகாமலிருக்க அண்ணி பாத்தி ஓரத்தில் கொஞ்சம் அரிசி நொய் போடுவார். எறும்பு அதை எடுத்துப் போவதற்குள் விதை முளைத்துவிடும்! பூவாளியில் காலையும் மாலையும் தெளித்தால், 25 நாளில் சிறுகீரை பிடுங்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்காமல் பத்து நாளைக்கு ஒரு பாத்தி என்று விதைத்தால் கீரை ஓயாது.

துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கீரை போட வேண்டாம். சோப்புத் தண்ணீர் ஆகாது. அந்தத் தண்ணீர் வாழைக்கும் கல்வாழைக்கும் போகட்டும். அரிசி, பருப்பு கழுவிய தண்ணீர் கீரைக்கும் கறிவேப்பிலைக்கும் நல்லது. குழாயடி ஈரத்தில் பொன்னாங்கண்ணித் தண்டை ஒடித்து ஊன்றினால் தானே படரும்.

வெண்டையும் கொத்தவரையும் மாசியில் ஊன்றினால் 45 நாளில் முதல் காய் பறிக்கலாம். பாகல், புடல், பீர்க்கு, சுரை, பூசணி எல்லாம் குழி விதைப்பு. ஒன்றரை அடிக் குழி வெட்டி, பாதிக்குமேல் எருவும் மேல்மண்ணும் போட்டு, நாலைந்து விதை ஊன்றி, நன்றாக வந்த இரண்டை மட்டும் விட வேண்டும். பாகல், புடல் விதைக்குத் தோல் தடிப்பு; முதல் நாள் ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டால் சீராக முளைக்கும். புடலைப் பிஞ்சு நுனியில் சின்னக் கல் கட்டித் தொங்கவிட்டால் வளையாமல் நீளும். சுரை, பூசணி இலையில் சிவப்பு வண்டு வந்தால் காலைப் பனி ஈரத்திலேயே அடுப்புச் சாம்பலைத் தூவ வேண்டும். அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் துளி சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலத்தில் தெளித்தால் போதும்.

மிச்சமிருந்த வெற்றிடத்தில் அண்ணன் உளுந்து தூவினார். ஆலங்குடிப் பக்கம் வம்பனில் தேசிய பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 'வம்பன் 8' என்று ஊர்ப் பெயரிலேயே உளுந்து ரகம் உண்டு. பயறு வகைச் செடிகளின் வேரில் இருக்கிற முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். காய் பறித்துவிட்டுச் செடியை அங்கேயே மடக்கிவிட்டால், மரம் பிடுங்கிப்போன வெற்று மண்ணுக்கு அதுவே உரம்.

மருமகளுக்கு அந்தப் பங்குனியிலிருந்து தினம் ஒரு கீரை. மாத்திரையை நிறுத்தவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். கீரை மாத்திரைக்குப் பதில் ஆகாது, இரண்டும் சேர்ந்துதான். அப்பத்தா கைப்பக்குவம் சுலபம்: சிறுகீரையோடு சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு கைப்பிடி வேகவைத்த பாசிப்பருப்பு சேர்த்து மசித்து, இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் கொஞ்சம் பிழிய வேண்டும். புளிப்பில் இருக்கிற வைட்டமின் சி, கீரையின் இரும்புச் சத்தை உடம்பில் சேர்க்க உதவுகிறது. சாப்பிட்ட கையோடு காபியும் டீயும் குடித்தால் அந்தச் சத்து சேர்வது குறையும். அதற்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வைகாசியில் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அந்தப் பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

வருஷ வரவு: பூவும் முருங்கையும்

இரண்டாம் வரிசையில் வருபவை ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருஷத்துக்குள் பலன் தருகிறவை. வாழை, பப்பாளி, செடிமுருங்கை, மல்லிகை எல்லாம் இந்த இனம். பெரியகுளம் ரகச் செடிமுருங்கை விதை போட்ட ஆறாம் மாதத்தில் காய்க்கும். காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டிவிட்டால், நாலைந்து மாதத்தில் மறுபடி காய்க்கும். கீரை கைக்கெட்டும் உயரத்தில் இருப்பதும், காற்றுக்கு முறிந்து வீட்டின்மேல் விழாமலிருப்பதும் கூடுதல் சௌகரியம்.

மல்லிகை விஷயத்தில் இரக்கம் கூடாது. கார்த்திகைக் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி, ஒன்றே முக்கால் அடி உயரத்தில் வெட்டி, பட்ட குச்சியெல்லாம் எடுத்து, இலையையும் உருவிவிட வேண்டும். முல்லைக்குத் தையில் இந்தக் கவாத்து. வெட்டாத செடி இலையாகத் தழைத்து நிற்குமே தவிரப் பூக்காது. மாசியில் மொட்டு வைக்கும்போது வேரைச் சுற்றி மண்ணைக் கிளறி எரு வைத்துத் தண்ணீர் விட்டால் போதும். ஐந்து செடி இருந்தால் சுவாமிக்கும் தலைக்கும் தாராளம்.

அண்ணி இப்போது இருபது செடி வைத்திருக்கிறார். பறித்துப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டால் மார்க்கெட்டில் சேர்ப்பித்துக் காசு கொண்டுவந்து தருகிறாள். முகூர்த்த நாளிலும் பூச்சொரிதல் சமயத்திலும் விலை ஏறும், மற்ற நாளில் இறங்கும். "கூடுதோ கொறையுதோ, யாருகிட்டயும் கணக்குச் சொல்ல வேண்டாத காசும்மா" என்று அண்ணி சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

தலைமுறை வரவு: மரம்

மரத்துக்குக் குழியை மட்டும் பங்குனி, சித்திரையில் வெட்ட வேண்டும். சித்திரை முதல் நாள் எங்கள் பக்கத்தில் நல்லேர் பூட்டுவார்கள். அன்றைக்குக் கொல்லையிலும் ஒரு குழியாவது வெட்டுவது அண்ணி வீட்டுப் பழக்கம். தென்னைக்கு மூன்றடி நீளம், அகலம், ஆழம். மரத்துக்கு மரம் 25 அடி. வெட்டிய குழி வெயிலில் ஆறிக் கிடந்தால் மண்ணிலிருக்கிற புழுபூச்சி சாகும். ஆடியில் எரு, செம்மண், மணல் மூன்றையும் சமமாகக் கலந்து இரண்டடி உயரத்துக்கு நிரப்பி, மழை ஈரம் கிடைத்ததும் கன்றை வைக்க வேண்டும்.

பலாவுக்கு ஒரு விசேஷ சமாசாரம். பலாக்கொட்டை உலர்ந்தால் முளைப்புத் திறன் போய்விடும். பழம் தின்ற சூட்டோடு ஊன்ற வேண்டும். பலா காய்க்கிற காலமும் மழைக்கு முந்தின காலமும் ஒத்துவருவது நல்லதாகப் போயிற்று. மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே கொட்டையை ஊன்றினால் ஆணிவேர் நேரே கீழே இறங்கும். பையில் ரொம்ப நாள் வளர்ந்த கன்றுக்கு வேர் சுருண்டுகொள்ளும். பிடிப்பு அவ்வளவு இராது. ஒட்டுக்கன்று நாலைந்து வருஷத்தில் காய்க்கும், கொட்டைக் கன்றுக்கு ஏழெட்டு வருஷம் ஆகும் என்பது வாஸ்தவம்தான். அண்ணன் சீக்கிரம் காய்க்கட்டும் என்று ஒட்டுக்கன்று ஒன்றும், உறுதியாக நிற்கட்டும் என்று கொட்டை ஒன்றுமாக வைத்தார். ஒட்டுக்கன்று இளம் கன்றாக வாங்கினது.

இன்னொன்றும் செய்தார்கள். கொல்லை முழுக்கத் தென்னையே என்று வைக்கவில்லை. மூன்று தென்னை, பலா, மா, நெல்லி, எலுமிச்சை, வேலியோரம் அகத்தி, காற்று வரும் பக்கம் பனை என்று கலந்து வைத்தார்கள். பனைதான் கஜாவுக்கு நின்ற மரம் என்பதை எங்கள் பக்கத்தில் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். பனங்கொட்டை ஊன்றக் காசு வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். பொறுமை மட்டும் வேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டிப் பெரிய மரம் வைக்காமல் இருபதடியாவது தள்ளி வைத்ததும் புயல் சொல்லிக்கொடுத்த பாடம்தான்.

வெயிலைத் தாண்ட

விதைத்தது வைகாசி வரை தாங்க வேண்டுமே! அதற்கு இரண்டு வழி. ஒன்று மூடாக்கு. வாழைச் சருகு, பலாச் சருகு, தேங்காய் நார், எது கிடைத்தாலும் செடியைச் சுற்றி நாலு விரல் கனத்துக்குப் பரப்ப வேண்டும். தண்டில் ஒட்டாமல் கொஞ்சம் தள்ளிப் போடவும். ஒட்டினால் தண்டு அழுகும். சருகுக்குள் தேள் இருக்கலாம், வெறுங்கையால் கிளறக் கூடாது, பிள்ளைகளையும் விடக் கூடாது.

இன்னொன்று பானை. பெயிண்ட் அடிக்காத மண்பானையின் அடியில் சின்னத் துளை போட்டு, துணித் திரியைச் செருகி, செடிக்குப் பக்கத்தில் கழுத்து வரை புதைத்துத் தண்ணீர் நிரப்பினால், வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். வெயிலில் ஆவியாகிப் போகிற தண்ணீர் மிச்சம். பானையை மூடிவைப்பது அவசியம். டெங்குவைப் பரப்புகிற கொசு இப்படித் தேங்கின தண்ணீரில்தான் முட்டையிடும். செடித்தொட்டியின் அடித்தட்டு, கொட்டாங்கச்சி, பழைய டயர் இவற்றில் நிற்கிற தண்ணீரையும் வாரம் ஒரு தரம் கவிழ்த்துவிட வேண்டும்.

டவுனில் இருக்கிறவர்களுக்கு

'எங்களுக்குக் கொல்லை எங்கே இருக்கிறது?' என்கிறீர்களா? எனக்கும் புதுக்கோட்டை டவுனில் மாடிப்படிக்குக் கீழே பத்தடி இடமும் மொட்டை மாடியும்தான். அடியில் துளை போட்ட பழைய வாளியில் கீரை வரும், சாக்குப் பையில் வெண்டை வரும், மாடிச் சுவரோரம் கயிறு கட்டினால் பாகல் ஏறும். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு வாளி கொடுத்துவிடுங்கள். தான் விதைத்த கீரையை வேண்டாம் என்று சொல்கிற குழந்தையை நான் பார்த்ததில்லை.

போன வருஷம் அண்ணியின் ஒட்டுப்பலா காய்த்திருந்தது. முதல் பழத்தை அறுத்து அப்பத்தாவுக்கு ஊட்டினார்கள். அவர் சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டார். "கொழம்புல போட்டுராதீங்க. நாளைக்கே ஊனிப்புடணும்" என்றார்.

இந்த மாசியில் நீங்களும் ஒரு கைப்பிடி கீரை விதை தூவுங்கள். இடமிருந்தால் ஒரு குழியும் வெட்டிப் போடுங்கள். ஆடிக்கு அதில் என்ன வைக்கலாம் என்று வீட்டில் பெரியவர்களிடம் யோசனை கேளுங்கள்; அவர்கள் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.